பழைய ஓலை

"பழைய ஓலை இருக்கா மைனி?"

வாசலில் தொம்மை. சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கோயில்பிள்ளை அவன். குருத்து ஞாயிறன்று மந்திரித்துக் கொடுத்த ஓலைச் சிலுவைகளை அடுத்த வருஷம் வீடு வீடாகத் திரும்ப வாங்கி எரிப்பது அவன் வேலை. அந்தச் சாம்பலைத்தான் சாம்பல் புதனன்று சாமியார் ஊரார் நெற்றியில் பூசுவார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். வருஷா வருஷம் அதைத்தான் சொல்கிறாள்.

இருக்கிறது.

இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பின்னால் சொருகியபடியே இருக்கிறது. புருஷன் பெர்க்மான்ஸ் கட்டிய சிலுவை. மற்றவர்கள் ஓலையை மடித்துச் சொருகுவார்கள். அவன் வலை முடிச்சுப் போட்டான். கடலே இழுத்தாலும் அவிழாது என்று பெருமை வேறு.

அந்த வருஷக் கார்த்திகைப் புயலில் கடல் அவனையே இழுத்துக்கொண்டது.

உடல் வரட்டும், அடக்கம் வைத்துக்கொள்வோம் என்றார் அப்போதிருந்த சாமியார். அவள் காத்திருந்தாள். உடல் வரவில்லை. சாமியார் மாற்றலாகிப் போனார். அடக்கம் அப்படியே நின்றுபோயிற்று.

ஒரே நாளில் அவள் கோயிலை விட்டுவிடவில்லை. அவ்வளவு ரோஷம்கூட மிச்சமிருக்கவில்லை.

முதலில் கல்லறைத் திருநாள் நின்றது. எல்லாரும் அவரவர் ஆட்களுக்கு மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். இவள் திரியை வைத்துக்கொண்டு யார் தலைமாட்டில் போய் நிற்பது?

பிறகு சாயங்கால ஜெபமாலை. வாய் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு நாள் வாயும் ஓய்ந்தது.

பிறகு ஞாயிற்றுக்கிழமை. தலைவலி, மழை, துவைக்காத துணி. கடைசியில் சாக்குத் தேடும் சிரமமும் போயிற்று.

ஏன் வரவில்லை என்று பங்குக் கோயிலிலிருந்து ஒருவரும் வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாய் வலிக்கத் திட்டியிருப்பாள். அதற்கும் கொடுப்பினை இல்லை.

தொம்மை மட்டும் வந்தான். பெர்க்மான்ஸோடு ஒன்றாய் வளர்ந்தவன். வருஷத்துக்கு ஒரு முறை, சாக்கோடு.

"சரி மைனி, அப்போ வாரேன்." வழக்கமான இல்லைதான் என்று நினைத்துச் சாக்கைச் சுருட்டினான்.

நேற்று வீடு கூட்டும்போது படத்துக்குக் கீழே மஞ்சளாய்த் தூள் கிடந்தது. வாரிக் குப்பையில் கொட்டிவிட்டாள். கை கழுவும்போதுதான் அது அவன் கட்டிய ஓலை என்று உறைத்தது. ஓடிப்போய்க் கிளறினாள். மீன் செதிலோடும் சாக்கடை ஈரத்தோடும் கலந்து கிடந்தது. பிரித்தெடுக்க முடியவில்லை.

"நில்லு."

உள்ளே போய் எடுத்து வந்தாள். சிலுவையின் ஒரு கையைப் பூச்சி தின்றிருந்தது. முடிச்சு மட்டும் அப்படியே இருந்தது.

தொம்மை அந்த முடிச்சைப் பார்த்தான். மற்ற ஓலைகளைப் போல எறியாமல், குனிந்து, சாக்குக்குள் கையை விட்டு வைத்தான்.

புதன்கிழமை காலைப் பூசைக்குப் போனாள்.

தலைகள் திரும்பின. திரும்பட்டும். அவள் சாமியைப் பார்க்க வரவில்லை. தன் வீட்டுச் சாம்பலை வாங்க வந்திருக்கிறாள்.

புதுச் சாமியார், சின்ன வயசு. மனிதன் மண், மண்ணுக்கே திரும்புவான் என்று சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் பூசினார். இந்தப் பேச்சைக் கேட்டால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரில் செத்தவன் எல்லாம் மண்ணுக்குத் திரும்பினான். பெர்க்மான்ஸ் எங்கே திரும்பினான்?

பூசிய கையோடு பக்கவாட்டு வாசலில் இறங்கிவிட்டாள். சாம்பல் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்த தொம்மை அவள் போவதையே பார்த்தான்.

கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம். மாமனார் கல்லறைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு வெறும் மணல்.

குத்தவைத்து உட்கார்ந்து விரலால் சின்னதாகக் குழி பறித்தாள். நெற்றியை வழித்து வழித்து அதற்குள் உதிர்த்தாள். ஒரு பொட்டுக்கூட மிச்சம் வைக்கவில்லை. அடக்கத்துக்கு வந்தவர்கள் போடுவதுபோல ஒரு கைப்பிடி மண் போட்டாள். மூடினாள்.

அப்போதுதான் அழுகை வந்தது. இத்தனை வருஷமாக எங்கே வைத்து அழுவது என்று தெரியாமல் இருந்த அழுகை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். உள்ளே வரிசை இன்னும் முடியவில்லை. கடைசியில் போய் நின்றாள்.

அவள் முறை வந்ததும் தொம்மை தட்டைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தான்.

"மைனி, இப்பத்தான பூசுனிய?"

"அது அவுகளுக்கு."

முக்காட்டை விலக்கி, வெறும் நெற்றியைச் சாமியாரிடம் காட்டினாள்.