மாப்பிள்ளையின் மார்பு

அந்தக் கோயிலுக்குள் ஆண்கள் சட்டையில்லாமல்தான் போக வேண்டும், மாப்பிள்ளையும் சேர்த்து. தாணுலிங்கம் வாசலில் பொத்தானோடு மல்லுக்கட்டி, ஒருவழியாகச் சட்டையைக் கழற்றினான். உள்ளே போகிறவர்களின் உடம்பைப் பார்த்து நோய் சொல்லும் வாசல்கேமரா உடனே மைக்கில் தொடங்கியது.

“அன்பரே, மார்பில் சுரப்பித் திசு வளர்ந்திருக்கிறது. புற்றுநோய் இல்லை. முடிக்காக நீங்கள் தின்னும் மாத்திரைதான் காரணம். நிறுத்தினால் குறையலாம். டாக்டரைப் பாருங்கள்.”

நாகஸ்வரம் பாதியில் நின்றது. கல்யாணம் போச்சு என்று நினைத்துத் தாணுலிங்கம் துண்டை இழுத்து மூடினான். மணப்பெண் சுகந்தி அவன் தலையைப் பார்த்தாள்.

“நிறுத்துனா முடி என்னாவும்?”

“கொட்டிரும்.”

“எவ்வளவு?”

“எங்கப்பாவப் பாரு.”

பார்த்தாள். வருங்கால மாமனாரின் தலையில் வெயில் பளபளத்தது.

“மாமா நல்லாத்தான இருக்காவ. தலைக்குப் போட்ட உரம் நெஞ்சுக்குப் போயிருக்கு, அவ்வளவுதான? துண்ட எடுங்க, முகூர்த்தம் போவுது.”

“கோவம் இல்லியே?”

“இருக்கு. அதத் தாலி கட்டுன பொறவு வச்சுக்கிடுதேன்.”

நாகஸ்வரம் மறுபடி எழுந்தது. அடுத்து உள்ளே போகவேண்டிய சுகந்தியின் அப்பா, அறுபது வயதிலும் ஒரு முடி கொட்டாமல் கருகருவென்றிருந்த தலையைத் தடவிக்கொண்டு, கழற்றிய சட்டையை மெல்ல மாட்டத் தொடங்கினார்.