புதுக் கொட்டிலின் முதல் தோல்

முதல் தோல் வந்துவிட்டது. கண்ணியில் விழும் மான்களின் தோலை உப்பிட்டு உலர்த்தவென்று ஒரு கிழமையாகத் தில்லைநாதன் அடித்த கொட்டிலில், பாலைமரக் கப்புத் தூண்களின் ஈரம்கூட இன்னும் காயவில்லை. காற்றுக்கு வடக்கே திறப்பு, மூலையில் ஆனையிறவு உப்பு இரண்டு மூட்டை, நடுவில் தோலை இழுத்துக் கட்டும் சட்டம். எல்லாம் அவர் போட்ட திட்டம். குளக்கரையில் கம்பிக் கண்ணி வைக்கச் சங்கிலியிடம் சொன்னதும் அவர்தான். “மானில்லை அண்ணை, குழுமாடு. காட்டில ஆருமில்லாமல் திரியிற சாதி. கண்ணியில செத்துக் கிடந்துது, தோலை மட்டும் உரிச்சனான். பெரிசைப் பாருங்கோ!” சங்கிலி சிரித்தபடி தோலைச் சட்டத்தில் விரித்து, தொடைப் பக்கத்துச் சேற்றில் வாளித் தண்ணீரை ஊற்றுகிறான். சேறு வழிகிறது. செம்மயிர் தெரிகிறது. கூரை இடுக்கால் விழும் வெயிலில், சூடுபட்ட தழும்பாக இரண்டு எழுத்து: தி. நா. போன மாசியில் தில்லைநாதனே இரும்பைக் காய்ச்சிப் போட்ட குறி. சங்கிலி வாளியைக் கீழே வைக்கிறான். தில்லைநாதனின் கையிலிருந்து சுத்தியல் விழுகிறது. விழுந்த சத்தம் அவருக்குக் கேட்கவில்லை.

மூன்று நாளாகக் காட்டோரம் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கம்மிப்போன மனைவி சிவனேஸ்வரியின் குரல்தான் கேட்கிறது. தேத்தண்ணியோடு அவள் கிட்ட வந்துவிட்டாள். “தம்பி சங்கிலி, காட்டுக்குள்ள எங்கட செவலைப் பசுவைக் கண்டனியோ? இன்னும் பத்து நாளில கண்டுக்குட்டி போட்டிடுவாள்.”

தில்லைநாதன் இரண்டு கையாலும் உப்பை அள்ளி அந்த எழுத்துகளின்மேல் கொட்டுகிறார். ஈரத்தில் உப்புக் கரைகிறது. மறுபடி அள்ளுகிறார்.