துடைத்து வைத்த தட்டுகள்

பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுகளின் சத்தம் காதைப் பிளக்கிறது. வாசலருகே மதிப்பீட்டு அதிகாரி தராசு வைத்து, பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைக்கும் காய்கறியை எடை போடுகிறார். மிச்சம் குறைந்திருந்தால் ஊட்டச்சத்து வகுப்பு தொடரும். இல்லையென்றால் இன்றோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். வகுப்பெடுக்கும் டீச்சருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தூணோரம் நின்று கைக்குட்டையைத் திருகுகிறாள், பிரிக்கிறாள், மறுபடி திருகுகிறாள். ஜன்னல் வெயில் தராசின் கண்ணாடியில் பட்டுக் கண் கூசுவதால் முள் எங்கே நிற்கிறதென்று தெரியவில்லை. வரிசையில் வரும் தட்டுகளோ துடைத்து வைத்தாற்போல் இருக்கின்றன. "அடேயப்பா, ஒரு துண்டுகூட மிச்சமில்லையே! என்ன மந்திரம் போட்டீங்க டீச்சர்?" என்று அதிகாரி சிரிக்கிறார். டீச்சரும் சிரிக்க வாய் திறக்கும்போது, வகுப்பிலேயே பெரிய வாயாடியான ரெட்டைச் சடைக்காரி அவளை உரசிக்கொண்டு வந்து நிற்கிறாள். "பயப்படாதீங்க டீச்சர், எல்லாரும் பாக்கெட்ல போட்டுக்கிட்டோம். உங்கள எங்கயும் அனுப்ப விடமாட்டோம்" என்று கிசுகிசுக்கிறாள். அவள் சட்டைப் பையில் ஆரஞ்சு நிறமாய் ஈரம் படர்கிறது. அதிலிருந்து வெந்த கேரட் துண்டு ஒன்று நழுவித் தரையில் விழுகிறது. அதிகாரி இந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறார். டீச்சரின் செருப்பு, அவளைக் கேட்காமலே, அந்தத் துண்டின்மேல் ஏறி நிற்கிறது.