நாலு மணி பில்ட்

நாலு மணிக்கு என் திரையின் மூலையில் வழக்கம்போல வந்து நின்றது: 'பில்ட் தொடங்கியது. தொடங்கியவர்: கிளைட்டன்.' என் கணவர் டீக்குக் கூப்பிடுகிறார் என்று அர்த்தம். எழுந்து கீழே போனேன்.

"பொண்டாட்டிய வாயத் தெறந்து கூப்பிட மாட்டீங்களோ?" என்றேன்.

"யாரு யாரக் கூப்பிடுதா, ஏளா?" என்று சிரித்தார். அன்று சாயங்காலமே வேம்பார் ரோட்டில் அவர் பைக் மீது லாரி ஏறியது.

துறைமுகத்துக்கு சாப்ட்வேர் எழுதும் கம்பெனி எங்களுடையது. கப்பல் வரவைப் பார்ப்பது கீழ்த்தளத்தில் அவர் டீம். கண்டெய்னர்களைப் பார்ப்பது மாடியில் என் டீம். புதிதாக எழுதியதை ஏற்றினால் கம்ப்யூட்டர் தானாகவே எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டிப் பார்க்கும். அதற்குப் பெயர்தான் பில்ட். ஒரு டீமின் பில்ட் முடிந்தால் அடுத்த டீமுக்குத் தகவல் போய், அங்கும் ஒன்று தொடங்கும்.

நினைவுப் பூசை முடிந்து வேலைக்குத் திரும்பினேன். முதல் நாள், எழுதியதை ஒருவழியாக ஏற்றிவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அதே வரி வந்தது. தொடங்கியவர்: கிளைட்டன்.

எம்.சி.ஏ. படித்தவள் அல்லவா, உடனே புரிந்துகொண்டேன். ஏதோ டைமர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். புரிந்தும், தினமும் திரையைப் பார்த்து "வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் டீக்கு எழுந்தேன். நான் லீவு போட்ட நாளில் அது வரவில்லை என்று பக்கத்து சீட் இந்துமதி சொன்னாள். ஆள் இல்லாத இடத்தில் எதற்குக் கூப்பிடுவார் என்று எனக்குப் பெருமை வேறு.

போன வாரம் மேனேஜர் மந்திரமூர்த்தி வந்தார். "போனவர் பேர்ல இன்னும் பில்ட் ஓடுது விஜிலா. நல்லாவா இருக்கு? ஷாம்ட்ட எடுத்துரச் சொல்லுங்க."

ஷாம்தான் இப்போது கிளைட்டன் வேலையைப் பார்ப்பவன். கீழே ஓடினேன்.

"அந்த டைமர எடுத்துராதப்பா. அது இருந்தா... சர்வருக்கு நல்லது." அதைவிடக் கேவலமான காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

"சர்வருக்கா?" அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தேடினான். "டைமரே கிடையாதேக்கா."

"பின்ன யாரு தெனமும் நாலு மணிக்கு அனுப்புதா? பேயா?"

"நீங்க எத்தன மணிக்கு வேலைய ஏத்துவீங்க?"

"நாலுக்குக் கொஞ்சம் முன்னால."

ஷாம் திரையை என் பக்கம் திருப்பினான். "உங்க பில்ட் முடிஞ்சதும் இங்க தகவல் வருது. இங்க ஒண்ணு ஓடி, நீங்க ஏத்துனதா இருந்தா மட்டும், ஒரே ஒரு தடவ திரும்ப உங்களுக்கே ஒண்ணத் தொடங்குது. அண்ணன் போட்ட இணைப்பு, அதான் அவரு பேரு காட்டுது."

"அப்ப எடுத்துருவியா?" என்றேன்.

"போனவரு கூப்பிட்டாத்தானக்கா எடுக்கணும்? தெனமும் கூப்பிடுதது நீங்கல்லா!"