பழகின பேர்

"செல்லக்கனி..."

"வாரேன், வாரேன்" என்று அடுக்களையிலிருந்து ஓடினா ஆவுடையம்மாள்.

எனக்கு வந்ததே கோபம். செல்லக்கனி செத்து இருபது வருஷமாச்சு. அவ, இப்பக் கூப்பிட்ட சுயம்புலிங்கத்தோட மூத்த சம்சாரம். ரெண்டாந்தாரமா வந்து பதினெட்டு வருஷமா அவனுக்குப் பொங்கிப் போடுறவ இந்த ஆவுடை. பக்கத்து வீட்டுக்காரி நான் சாட்சி. அவன் எனக்குத் தம்பி முறை வேற.

எண்பத்தெட்டு ஆவணியில, ராஜபாளையம் மில்லுல வேலை பார்த்துக்கிட்டிருந்தவனுக்கு வாதம் அடிச்சுது. பேச்சு போயிருச்சு. மிஞ்சினது செல்லக்கனிங்கிற ஒரே வார்த்தைதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு டாக்டர்கிட்ட நானும் கூடப் போனேன்.

"உங்களை முன்னாடி எப்படிக் கூப்பிடுவார்?" என்று ஆவுடையைக் கேட்டார்.

"'ஏட்டி'ம்பாரு. பேரச் சொன்னதே இல்ல."

"செல்லக்கனி அம்மாவை?"

"அவ மாமன் மக. சின்னப் பிள்ளையில இருந்தே பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாராம்."

"அதான். மூளைக்குள்ள உயிரணுவும் உயிரணுவும் கை கோத்துக்கிட்டாத்தான் பேச்சு வரும். சொல்லச் சொல்லப் பிடி இறுகும், விட்டாத் தளரும். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா ஏன்னு போய் நிக்காதீங்க. உங்க பேரைத் தினம் நூறு தடவை சொல்ல வைங்க."

தண்ணி, சோறு, கதவுன்னு ஒவ்வொண்ணா அவனுக்குப் படிச்சுக் கொடுத்தா ஆவுடை. கார்த்திகைக்குள்ள அம்புட்டும் வந்துருச்சு. ஆனா கூப்பிடுறது மட்டும் இன்னும் செல்லக்கனிதான். இவளும் ஓடி ஓடிப் போறா.

அவ திரும்பி வந்ததும் பிடிச்சுக்கிட்டேன்.

"ஏட்டி, உனக்குச் சூடு சொரணை இருக்கா? உன் பேரைச் சொல்லிக் கொடுக்க உனக்கு வாய் வலிக்குதா?"

அவ முந்தானையில கையைத் துடைச்சா.

"கொடுத்தேன் மதினி. முந்தாநாள் வந்துருச்சு. 'ஆவுடை'ன்னாரு. பதினெட்டு வருஷத்துல அதான் மொதத் தடவ."

"பொறவென்ன?"

"அடுத்தாப்புல, 'செல்லக்கனி எங்க?'ன்னு கேட்டாரு. செத்துப்போனதைச் சொன்னேன். அன்னைக்குத்தான் செத்த மாதிரி மார்ல அடிச்சுக்கிட்டு அழுதாரு. மறுநா காலையில என் பேரையும் மறந்துட்டாரு, அவ செத்ததையும் மறந்துட்டாரு. அந்தப் பேருக்கு நான் ஏன்னு ஓடினா, அவ இருக்கான்னு நெனச்சு நிம்மதியாச் சாப்பிடுதாரு."

அவ குரல் அசையலை.

"என் பேரு அவரு வாயில படிஞ்சா, தினமும்லா அவருக்கு எழவு விழும் மதினி."