வராந்தாப் பிள்ளைகள்

ஊரெங்கும் காய்ச்சல் பரவத் தொடங்கி மூன்றாவது வருடம். வீட்டில் யாரும் வெளியே வேலைக்குப் போகாத பிள்ளைகளுக்குத்தான் வகுப்பறைக்குள் இடம். மற்ற பிள்ளைகள் வராந்தாவில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பாடம் கவனித்தார்கள்.

காய்ச்சல் வார்டில் தரை துடைக்கும் தர்ஷினி, மகள் ஆதிரை நிரப்பியிருந்த பள்ளிப் படிவத்தை வாசித்தாள். அப்பா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார் என்று எழுதியிருந்தது. அம்மாவின் பெயருக்கு எதிரே, 'காலமானார்'.

"மழ பெஞ்சா வராந்தால நோட்டெல்லாம் நனையுதும்மா," என்றாள் ஆதிரை.

"சரி."

"இறந்த தேதி போடணுமாம். இல்லன்னா ஃபார்ம திருப்பி அனுப்பிடுவாங்க. என்ன தேதி போட?"

தர்ஷினி பேனாவை வாங்கி, வார்டு வேலையில் தான் சேர்ந்த தேதியை எழுதினாள்.

"அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிக்க."