ஒரு குறையாவது சொல்லுங்க

"ஏம்மா, ஒரு குறைகூடவா உங்க கண்ணுக்குத் தெரியல?"

கத்திக் கத்திச் செந்தில்குமாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. கருத்துக் கேட்க வந்த அதிகாரி அவர். ஆம்பூரை ஒட்டிய அந்தத் தெருவின் பள்ளிக்கூடத்தில், ஷூ கம்பெனிக்கு லீவு விட்ட ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம். தெருவுக்குப் பின்னால் இருக்கும் புறம்போக்கில், தொழிலாளர்கள் குறைந்த வாடகைக்குக் குடியிருக்க அரசாங்கம் மாடி வீடுகள் கட்டப்போகிறது. தெரு ஜனம் சரி என்றால் இங்கே. வேண்டாம் என்றால் நாட்றம்பள்ளிக்குப் போய்விடும்.

வந்ததும் அவர் தலையிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தது ஒரு பக்கம் பெயின்ட் உரிந்த சிவப்பு ஹெல்மெட். அதைப் பார்த்து முன்வரிசைப் பெண்கள் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். அதிகாரி வந்தால் இப்படித்தான் என்று அவர் கண்டுகொள்ளவில்லை.

"தெரியலியே சார்" என்றாள் கோவிந்தம்மாள். ஷூ கம்பெனித் தையல் மிஷினில் உட்கார்ந்தே இடுப்பைத் தொலைத்தவள்.

"நாளைக்கு என்னைத் திட்டக் கூடாது. உள்ளதை உள்ளபடி சொல்லிட்றேன். வீடு ரொம்பச் சின்னது. ஒரு ரூமு, ஒரு சமையல்கட்டு. அவ்ளோதான்."

"சமையல்கட்டு தனியாவா?" என்றாள் பக்கத்திலிருந்த பக்ருன்னிசா. தோலுக்குச் சாயம் பூசும் வேலை; நகமெல்லாம் கறுப்பு. "அப்ப படுக்கிற பாயில எண்ணெ தெறிக்காது. நல்லதாப் போச்சு."

"தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும்."

கோவிந்தம்மாள் பின்னால் திரும்பினாள். "ஏ, கேட்டீங்களாடி? ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணியாம்!"

பெண் பார்க்க வந்தவர்கள் சம்மதம் சொன்னதுபோல் கூட்டம் கலகலத்தது.

"எங்க லைன் வீட்ல ஓனரம்மா மோட்டார் ரூமைப் பூட்டி வச்சிருக்காங்க சார். வாரத்துல ரெண்டு தபா தொறந்தாலே பெரிய விஷயம். அதுவும் உப்பு. அதுல பருப்பு வேகறதுக்குள்ள கம்பெனி பஸ்ஸு போய்டும்."

செந்தில்குமாரின் போன் அலறியது. மனைவி கமலவேணி. காலையிலிருந்து விடாமல் கூப்பிடுகிறாள். "இன்னும் ஒண்ணும் ஆகல. வையி" என்று கடித்துத் துப்பிவிட்டுத் திரும்பினார்.

"மேல்மாடி குடுத்துட்டா இன்னா பண்ணுவீங்க? லிப்ட் கெடையாது. குடத்தைத் தூக்கினு ஏறணும்."

"இப்ப தெருக்கோடி வரைக்கும் தூக்கினு நடக்கறோம். அதையே மேல்பக்கமா நடந்துக்கறோம்."

"சுவத்துல ஆணி அடிக்க உடமாட்டாங்க."

"இங்க மட்டும்? புள்ள போட்டோவ அரிசி டப்பா மேல சாத்தி வச்சிருக்கேன்."

"அட, கவர்மெண்ட் கட்டடம்மா! ரெண்டு மழைக்கு ஒழுகும்!"

"ரெண்டு மழை தாங்குமா சார்?" என்றாள் பக்ருன்னிசா, நிஜமாகவே ஆச்சரியப்பட்டு.

செந்தில்குமார் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். என்ன ஜனங்கள் இவர்கள்! கறிகாய்க்காரனிடம் ஒரு கத்தரிக்காயை நாலு தரம் புரட்டிப் பார்ப்பவர்கள், குடியிருக்கப் போகும் வீட்டில் ஒரு சொத்தை சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

"வெளியூர்க்காரங்க கும்பலா வருவாங்க. தெரு கெட்டுப்போவும்."

"நான் அணைக்கட்டு ஊரு. இவ பேரணாம்பட்டு. எங்களால கெட்டாப் போச்சு?" என்றாள் கோவிந்தம்மாள்.

"சொந்தக்காரங்க வந்து தங்கினா கேள்வி கேப்பாங்க!"

பக்ருன்னிசா இந்த முறை சிரிக்கவில்லை. "என் தங்கச்சி பிரசவத்துக்கு வந்திருந்தா சார். புள்ள பொறந்து ஒரு வாரம் ஆகல. தண்ணி ஜாஸ்தி செலவாவுதுன்னு ஓனரம்மா வாசல்ல நின்னு பேஜார் பண்ணாங்க. பச்ச ஒடம்புக்காரிய பஸ் ஏத்தி அனுப்பினேன். அதுக்கு மேலயா சார் கேட்டுடப் போறாங்க?"

செந்தில்குமார் ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, மேசையை ஓங்கித் தட்டினார்.

"இப்ப இருக்கிற எடத்துல அப்படி இன்னா கொறச்சல் உங்களுக்கு? தலைக்கு மேல கூரை இருக்குது. பஸ்ஸு முனையிலயே நிக்கிது. ஆறு குடும்பத்துக்கு ஒரு கக்கூஸுன்னாலும், டைல்ஸ் ஒட்டிக் குடுத்திருக்குது..."

சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

முன்வரிசைப் பெண்கள் மறுபடியும் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள்.

"சரி. வீடு வேணும்ங்கிறவங்க கையைத் தூக்குங்க."

அத்தனை கையும் மேலே போனது. பக்ருன்னிசா இரண்டு கையையும் தூக்கினாள்.

'அனைவரும் சம்மதம்' என்று சாவுச் சேதி எழுதுவதுபோல் எழுதி, கையெழுத்துப் போட்டார். மறுபடியும் கமலவேணி. எடுக்கவில்லை. ஹெல்மெட்டைத் தூக்கித் தலையில் மாட்டிக்கொண்டு வண்டிக்கு நடந்தார்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டே கோவிந்தம்மாள் பின்னால் வந்தாள். முந்தானை முடிச்சிலிருந்து ஒரு சாவியை அவிழ்த்துக் காட்டினாள்.

"சார், புதுக் கட்டடம் முடிஞ்சதும் நாங்க லைனைக் காலி பண்ணிட்றோம். ஒரே ஒரு சந்தேகம்."

"இன்னா?"

"மாசாமாசம் உங்க சம்சாரம் வாடகை வாங்க உள்ள வர்றப்ப, நீங்க தெருமுனையில இதே ஹெல்மெட்டைக் கழட்டாம வண்டி மேல உக்காந்துனு இருப்பீங்களே... சாவியை அவங்க கையிலதான் குடுக்கணுமா, உங்க கையிலயே குடுத்துடலாமா?"